இரண்டாவது சிடி

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுப்பதென்றால்கூட வீட்டுக்காரரைத்தான் எழுதச் சொல்வேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேசவும் வராது. ஆனால் காஹாங் என்ற சிற்றூரில் அன்று பார்த்ததை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

குளுவாங் பட்டணத்தில், தமிழ்ப் பட விசிடிகளைக் கடைகளுக்கு அனுப்பும் ஓர் இடத்தில் வேலை செய்தேன். பின்னறையில் ஒரு தொலைக்காட்சி, ஒரு பிளேயர், ஒரு நீல மார்க்கர். படம் ஒவ்வொன்றும் இரண்டு சிடியாக வரும். பெட்டிக்கு ஒரு செட்டைப் பிரித்து, இரண்டு சிடியிலும் முதல் பத்து நிமிடத்தையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். படம் திக்கக்கூடாது. குரல் உதட்டுக்குப் பிந்தக்கூடாது. கீழே ஓடும் மலாய் மொழிபெயர்ப்பு எழுத்து வெட்டுப்படக்கூடாது. சரியாக இருந்தால் அந்தப் பெட்டியிலுள்ள எல்லா உறைகளிலும் நீல டிக் போடுவேன். எங்கள் சரக்குக்கு இருந்த ஒரே உத்தரவாதம் அந்த டிக்தான். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் திருட்டு விசிடி பாதி விலைக்குக் கிடைத்த காலம் அது.

இந்த வேலையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எல்லாப் படத்துக்கும் முடிவு தெரியும், கதை தெரியாது. ஒருமுறை ஒரு குடும்பப் படம் வந்தது. முதல் சிடியின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு தாய் தன் மகளை அடையாளம் தெரியாமல் கடந்து போகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு படத்தையாவது வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. இரண்டாவது சிடியைப் போடவே இல்லை. இருபது உறைகளிலும் டிக் போட்டுவிட்டேன். பெட்டி காஹாங்குக்குப் போனது.

ஐந்தாம் நாள் காலை காஹாங் கடைக்கார அக்கா போன் செய்தார். இரண்டாவது சிடியிலும் முதல் பாதியே பதிந்திருக்கிறதாம். வாங்கிப் போன இருபது வீட்டுச் செட்டும் அப்படித்தானாம்.

பாஸ் என்னைத் திட்டவில்லை. "டிக் போட்டது நீங்க. நீங்களே வந்து சொல்லுங்க" என்றார். வேனில் போகும்போது, "இந்த அக்கா நம்மள விட்டுட்டா, அந்த ரோட்டுல ஒரு கடையும் நம்மகிட்ட நிக்காதும்மா" என்றார். வழியெல்லாம் செம்பனை மரங்கள். நான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அது மளிகைக் கடை. கல்லா மேசையில் இருபது உறைகளும் அடுக்கியிருந்தன. செம்பனைத் தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"அக்கா, தப்பு என்னோடதுதான். ரெண்டாவது சிடிய நான் போட்டுப் பாக்கல."

"ஏம்மா பாக்கல?"

"வீட்டுல... முழுசா பாக்கலாம்னு. முடிவு தெரிஞ்சிரக் கூடாதுன்னு..."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அலமாக்! அப்போ உங்களுக்கும் முடிவு தெரியாதா?"

தொப்பி போட்ட ஒரு பெரியவர், "நல்ல ஆளப் பாத்து டிக் போட வச்சீங்க பாஸ்" என்றார். கடையே சிரித்தது.

பாஸ் தயங்கியபடி கேட்டார். "பாசார் மாலாம்ல இதே படம் வித்திருப்பானே அக்கா. யாரும் வாங்கலியா?"

"வித்தான். எங்க லயத்து வீடுகள்ல ஒருத்தரும் வாங்கல" என்றார் பெரியவர். "பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தன் அத வாங்கிப் பாத்துட்டு, முடிவச் சொல்றேன்னு வந்தான். சொன்னேன்னா கோயில் திருவிழாவுல உனக்குச் சோறு கெடையாதுன்னு தொரத்திட்டோம்லா."

"நாலு நாளா அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னே தெரியாம இருக்கோம்" என்றாள் ஒரு பெண். "நீலக் கோடு போட்டதே மாத்தி வரட்டும்னு இந்தப் பெரியவரு சொல்லிட்டாரு."

நான் போட்டது ஒரு மார்க்கர் கோடு. அதுவும் பொய்க் கோடு. அதை நம்பி இருபது வீடுகள் ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தன. கையெட்டும் தூரத்தில், பாதி விலைக்கு, முடிவு கிடைத்தும் தொடவில்லை. கோயிலில்கூட நான் அப்படித் திகைத்து நின்றதில்லை.

அக்கா உறைகளை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "இந்தத் தடவ முடிவையும் பாத்துட்டு அனுப்புங்க. ஆனா போன்ல எங்கிட்ட சொல்லிறாதீங்க."

மறுநாள் காலை, சிடி பதிக்கும் இடத்திலிருந்து மாற்றுப் பெட்டி வந்தது. இருபது செட்டையும் பிரித்து, இரண்டாவது சிடி ஒவ்வொன்றிலும் முதல் பத்து நிமிடத்தையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் பார்த்தேன். டிக் போட்டேன். சாயந்திரம் வேன் காஹாங்குக்குப் போனது.