கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில்

தங்கச்சிமடத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்குப் போகிற வழியில், இராமநாதபுரத்தில் பத்தே நிமிடம் வேனை நிறுத்தச் சொல்லியிருந்தான் ஜோஸ்வா. பழைய உயிலின் நகலை வக்கீல் கலைச்செல்வியிடம் கொடுத்து, எல்லாம் சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று எண்ணம். வழியனுப்ப வந்த மகள் ஜாஸ்லினும் அண்ணன் வியாகுலமும் வேனிலேயே இருந்தார்கள்.

வக்கீல் தேதியைப் பார்த்தார். "உங்களுக்குக் கல்யாணம் எப்ப நடந்துச்சு?"

"இது எழுதி பத்து நாள் கழிச்சு, மேடம்."

"அப்ப இது செல்லாதுண்ணே."

ஜோஸ்வா நகலைத் திரும்ப வாங்கித் தேதியைப் பார்த்தான். பதினெட்டு வருடமாகப் பஹ்ரைனில் ஒரு அரபியின் லாஞ்சுப் படகில் மீன் பிடிக்கிறவன் அவன். எத்தனையோ முறை கடலில் சாவு பக்கத்தில் வந்து போயிருக்கிறது. அப்போதெல்லாம் உயில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இருந்தான்.

பதினான்கு வருடத்துக்கு முன் அற்புதம்மாளை அவன் பெண் கேட்டபோது அவள் கைம்பெண், இடுப்பில் ஐந்து வயது ஜாஸ்லின். வெளிநாட்டுக்காரன் நாளைக்கு என்ன ஆவானோ என்று பெண்ணின் ஆத்தா இழுத்தடித்தார். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பு ஓலையில் இரண்டாவதை வாசித்த மறுநாள், ரோசக்காரன் ஜோஸ்வா நேரே பதிவு அலுவலகத்துக்குப் போனான். தன் வீடும் மனையும் அற்புதம்மாளுக்கும் அவள் மகளுக்கும் என்று உயில் எழுதிப் பதிந்து, மாமியார் கையில் கொடுத்தான். மூன்றாவது ஓலை சிரிப்போடு வாசிக்கப்பட்டது. ஊரே அவனை மெச்சியது, அவனும் அதில் கொஞ்சம் குளிர்ந்துதான் போனான்.

"கிறிஸ்தவங்க கல்யாணம் பண்ணினா, அதுக்கு முன்ன எழுதின உயில் தானா ரத்தாயிரும். இந்துக்களுக்கு அப்படி இல்ல. நீங்க தாலி கட்டின நிமிசமே இது வெறும் தாள்" என்றார் வக்கீல்.

"அவளுக்காக எழுதினது, அவளைக் கட்டினதாலயே போச்சா? என்ன சட்டம் மேடம் இது?"

அற்புதம்மாள் இறந்து இரண்டு வருடமாகிறது. சட்டத்தின் கண்ணில் ஜாஸ்லின் அவனுக்கு யாருமில்லை. பெற்ற பிள்ளையும் இல்லை, தத்தெடுத்த பத்திரமும் இல்லை. பெற்றோரும் போய்விட்டார்கள். அவன் கண்ணை மூடினால், அவன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு முழுவதும் ஒரே அண்ணனுக்குப் போகும். போன மாதம்தான் கூட வேலை பார்த்தவர் ஒருவர் வலை இழுத்தபடியே மாரடைப்பில் சரிந்தார். அதைப் பார்த்த பயத்தில்தான் அவன் இங்கே வந்ததே.

"இப்பவே புதுசா எழுதிரலாம். பதியணும்னு கட்டாயமில்ல. சுயநினைவோட எழுதி, ரெண்டு சாட்சி முன்னால நீங்க கையெழுத்துப் போட்டு, அவங்களும் உங்க முன்னால போட்டா செல்லும்" என்ற வக்கீல் எழுதத் தொடங்கினார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

"ஒரு சாட்சி பக்கத்து ஜெராக்ஸ் கடை நாகஜோதி. இன்னொண்ணு உங்க அண்ணன் போட்டா நல்லது. தம்பி சுயநினைவோட எழுதலைன்னு நாளைக்கு அவரே கோர்ட்டுல சொல்ல முடியாது."

ஜோஸ்வா கையைப் பிசைந்தான். வியாகுலம் பொல்லாதவன் இல்லை. ஆனால் அவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. கல்யாண வயதில் மகன் நிற்கிறான். "என்னதான் வளத்தாலும் நம்ம ரத்தமாலே?" என்று ஜாஸ்லினைப் பற்றி இரண்டு முறை கேட்டிருக்கிறான். இப்போது கேட்டு அவன் மாட்டேன் என்றால், பகை இன்றைக்கே தொடங்கும். ஜாஸ்லின் அவன் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கப் போகிறவள்.

"எங்க அய்யா விட்டுட்டுப் போன மீன்பிடி வல்லத்துல என் பாதிப் பங்க அண்ணனுக்கு எழுதுறேன் மேடம். அப்பக் கொஞ்சம் மனசு ஆறும்."

"எழுதுனா அவர் சாட்சி போடக் கூடாது. சாட்சி போட்ட ஆளுக்கு உயில்ல எழுதினது சேராது. ரெண்டுல ஒண்ணுதான்."

வல்லத்தை விட வீடுதான் முக்கியம் என்று ஜோஸ்வா போய் அண்ணனைச் சாட்சிக்கு அழைத்து வந்தான். வக்கீல் எதையும் மறைக்காமல் படித்துக் காட்டினார். வியாகுலம் நின்றபடியே கேட்டான்.

"வீடு முழுசும் பிள்ளைக்கா?"

"ஆமாண்ணே."

"எனக்கு?"

"வல்லத்த எழுதலாம்னுதான் இருந்தேன். நீ சாட்சி போட்டா ஒனக்கு ஒண்ணும் எழுத முடியாதாம்."

நாகஜோதி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து பேனாவோடு காத்திருந்தாள். இருவரும் பார்க்க ஜோஸ்வா கையெழுத்துப் போட்டான். அவளும் போட்டாள். வியாகுலம் பேனாவை வாங்கினான், ஆனால் எழுதவில்லை.

"இந்தத் தாள் ஆருகிட்ட இருக்கும்?"

"ஜாஸ்லின்கிட்டதான்."

"அவகிட்ட வேணாம்லே. பிள்ளை தெனமும் அதப் பாத்து நீ சாகுறதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கும். எங்கிட்டக் குடு, நான் வச்சிருக்கேன்."

 அண்ணன் நல்ல மனசோடுதான் கேட்கிறானா? ஒரு தீக்குச்சி போதும், அந்தத் தாள் இல்லாமல் போய்விடும். இல்லை என்று சொன்னால் அந்தப் பேனா கீழே விழும். வெளியே மறுபடி ஹாரன் ஒலித்தது.

"வேணாம்ணே," என்றான் கடைசியில். "மேடம்கிட்டயே இருக்கட்டும்."

வியாகுலம் தம்பியை நிமிர்ந்து பார்த்தான். தன்னை நம்பவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது, புரிந்துவிட்டது என்பது ஜோஸ்வாவுக்கும் தெரிந்தது.  பிறகு வியாகுலம் குனிந்து, தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி முடித்தான்.

மதுரை வரை அவன் பின்னால் திரும்பாமல் டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். மகளின் வீடு தப்பியது என்ற நிம்மதியும், அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கமும் ஜோஸ்வாவை ஒன்றாகப் பிடுங்கித் தின்றன. விமான நிலைய வாசலில் ஜாஸ்லின் அழுதபடி அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் விலகியதும் வியாகுலம் பையை எடுத்துத் தம்பி தோளில் மாட்டிவிட்டான்.

"எனக்குப் பயந்துக்கிட்டு அங்கன தூங்காமக் கெடக்காதலே. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."