இரண்டு முறை எண்ணிய புள்ளி

என் பிஎச்.டி. கைடு ஒரு புள்ளியை இரண்டு முறை எண்ணியிருந்தார். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எண்ணியதற்காக அல்ல, அதற்கப்புறம் செய்ததற்காக.

அனுப்பும் செய்தி வழியில் கெட்டுப்போனாலும், வாங்குகிற இடத்தில் சரிசெய்துகொள்ள உதவும் குறியீடுகள் இருக்கின்றன. அவற்றை வளைகோடுகளின் புள்ளிகளைக் கொண்டு கட்டுவதுதான் என் ஆராய்ச்சி. ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் கணக்கு தப்பு. என் ஆய்வேட்டின் நான்காவது இயல் முழுக்க, அவர் முன்பு வெளியிட்ட ஒரு கட்டுரையின் மேல் நின்றது.

முதுநகரில் ஏறி சிதம்பரத்தில் இறங்கும் பாசஞ்சர் ரயில்தான் எனக்குப் படிப்பறை. ஒரு நாள் காலை புதுச்சத்திரம் தாண்டும்போது, அவருடைய பட்டியலில் (1, 2, 3) என்று ஒரு புள்ளியும் (2, 4, 6) என்று இன்னொன்றும் கண்ணில் பட்டன. எங்கள் கணக்கில் விகிதம் ஒன்றானால் புள்ளியும் ஒன்றுதான். ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு! இறங்குவதற்குள் முழுப் பட்டியலையும் நோட்டில் புதிதாக எழுதி, இன்னொரு தாளிலும் எடுத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஒரு புள்ளிதானம்மா. யாரு உக்காந்து எண்ணப் போறாங்க? அப்படியே வச்சி தீசிஸ முடி."

"தப்புன்னு தெரிஞ்சி எப்படி சார் வெக்கிறது?"

"அப்ப கையெழுத்து யாருகிட்ட வாங்கப் போற?"

தாளை மட்டும் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் என் ஐந்து வருட உழைப்பு குப்பை. வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதற்காக என்மேலும் எனக்குக் கோபம்தான்.

சில மாதம் கழித்து, அவர் கட்டுரை வந்த அதே ஆய்விதழில் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. பிழையை அவரே கண்டுபிடித்தாராம். நன்றி என்றுகூட என் பெயர் இல்லை. கேட்கப் போனால், "சரியான பட்டியலே அச்சாயிடுச்சே, இனிமே உன் நாலாவது சாப்டர்ல புதுசா என்னம்மா இருக்கு? எடுத்துடு" என்றார்.

வீட்டுக்கு வந்து திருத்தத்தை வரிவரியாகப் பார்த்தேன். என் பட்டியல், என் வரிசை. கடைசிக்கு வந்தபோதுதான் தெரிந்தது, ரயில் அவசரத்தில் நானே ஒரு புள்ளியை விட்டிருக்கிறேன். அவரும் அதை அப்படியே விட்டிருந்தார். மனிதர் எண்ணிப் பார்க்கவே இல்லை!

மீன்பிடி போட்டிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மொதல்ல சார்கிட்ட போயி சொல்லிடு. அவுங்க கையெழுத்து போடலன்னா என்னா பண்ணுவ?" என்றார்.

"ஒருவாட்டி சொன்னதே போதும்."

நேராக ஆய்விதழுக்கே எழுதினேன். பட்டியல் நான் போட்டது, அதிலுள்ள பிழையும் நான் செய்தது, சரியான பட்டியல் இத்துடன் இருக்கிறது. தேதியிட்ட நோட்டுப் பக்கத்தையும் இணைத்தேன். அவர் கையெழுத்து இனி எனக்குக் கிடைக்காது என்று தெரிந்தேதான், கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.