வெள்ளவத்தை மண்டபத்தில் வைக்காத கல்

எங்கள் சங்க மண்டபத்தின் கீழ்த்தளத்து வாசிகசாலை ஜப்பான் தந்த நன்கொடையில் கட்டியது. விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். வெளிநாட்டு உதவிகளைக் கவனிக்கும் திணைக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவனுக்கு அது ஒரு வேலையே அல்ல. எந்தக் கேள்விக்கு எத்தனை வரி எழுத வேண்டும், எந்த இணைப்பை இரண்டு பிரதிகளாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குப் பழகியவை. சங்கத்தின் செயலாளராக என்னை வைத்திருப்பதே இதற்காகத்தான். என் பேச்சை அங்கே யாரும் விரும்புவதில்லை. என் கடிதங்களை விரும்புவார்கள்.

திணைக்களத்தில் ஜப்பானைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி, பாலம், தண்ணீர்க் குழாய் எல்லாம் தந்த நாடு. கொழும்புக் காலி வீதியில் ஓடும் வான்களில் பாதி அங்கே ஓடித் தேய்ந்து வந்தவை. ஒருமுறை பயிற்சிக்காக டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் விருந்தில், கொரியாவிலிருந்து வந்த உத்தியோகத்தர், தங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிற யுத்தம் இவர்களுடைய பாடப்புத்தகத்தில் இல்லை என்றார். மலேசியாக்காரர், எங்களுக்கு இப்போது தேவை தொழிற்சாலைகள், பாடப்புத்தகம் அல்ல என்றார். அதன்பின் இருவரும் என்னைப் பார்த்தார்கள். "நாங்கள் மன்னித்துவிட்டோம்" என்றேன். யுத்தம் முடிந்து நடந்த சமாதான மாநாட்டில் எங்களுக்கு நட்டஈடு வேண்டாம் என்று சொன்ன நாடு எங்களுடையது. அதை எங்கே போனாலும் சொல்வதற்கு எங்களைப் பழக்கியிருந்தார்கள். அந்த யுத்தத்தில் ஓர் ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் போட்ட குண்டுகளோடு எங்களுக்கும் ஜப்பானுக்கும் உள்ள விவகாரம் முடிந்துவிட்டது என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. எங்கள் வீட்டின் நிலைப்பாடு வேறு.

என் அப்பா மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது தோட்டத்து அலுவலகத்தில் எழுதுகிறவர். ஜப்பான்காரர் மலேயாவைப் பிடித்தபோது அங்கே இருந்தார். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் ஒரு ரயில் பாதை போட்டது. அதற்குத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை லொறிகளில் ஏற்றிப் போனார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் என் அப்பாவும் ஒருவர் என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன். ஜப்பான்காரர் காலத்தில் மலேயாவில் எல்லாரும் தின்ற மரவள்ளிக்கிழங்கை எங்கள் வீட்டில் அவிப்பதில்லை. சயாம் என்று யாராவது வாயெடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு மகனுக்கு இவ்வளவு சாட்சியம் போதாதா? பள்ளிக்கூடத்தில் 'என் தந்தை' என்ற கட்டுரையில் அவரைச் சயாம் காட்டில் கல்லுடைக்க வைத்து முதல் பரிசு வாங்கினேன். அவர் அதை வாசித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே வாசிகசாலை கட்டி முடிகிற நேரத்தில், அதன் வாசற்சுவரில் ஒரு சிறிய கல் பதிக்க வேண்டும் என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். 'சயாம் ரயில் பாதையில் உயிர்விட்ட தமிழர் நினைவாக' என்ற ஒரே வரி. தலைவர் வழிமொழிந்தார். அவரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவருடைய அப்பாவும் மலேயாக் கிராணிதான். ஏகமனதாக நிறைவேறியது என்று கூட்ட அறிக்கையில் நானே எழுதினேன்.

இறந்தவர்களின் உறவினர் யாராவது கொழும்பில் இருந்தால் திறப்பு விழாவுக்கு அழைக்கலாம் என்று தமிழ்ப் பத்திரிகையில் ஓர் அறிவித்தல் போட்டோம். வந்தவர் ஒரே ஒருவர். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பஸ் மாறி, தோய்த்து மடித்த சட்டையோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை.

"எங்க தாத்தா சார். ராமநாதபுரத்துலேருந்து மலேயா போனவரு. தோட்டத்துல ஒரு காலையில பேரு கூப்பிட்டாங்களாம். ஆறு மாசத்துல வந்துடலாம்னு கிராணி ஐயா சொன்னாராம். எங்க அப்பாவுக்கு அப்ப எட்டு வயசு. பெறகு கொழும்புக்கு வேலைக்கு வந்தவரு, லொறி பின்னாடி ஓடுனதைச் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"எந்தத் தோட்டம்?" என்று கேட்டேன்.

"சுங்கைன்னு ஆரம்பிக்கும் சார். அதுக்கு மேல தெரியாது."

மலேயாவில் பாதித் தோட்டங்கள் சுங்கை என்றுதான் ஆரம்பிக்கும். அப்பா இருந்த தோட்டமும் அப்படித்தான். அதை அவரிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன். ஒரே தோட்டமாகவும் இருக்கலாம், இருவரும் ஒரே லொறியில்கூடப் போயிருக்கலாம் என்றேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கல்லைக் கனத்தை மயானத்துக்குப் பக்கத்தில், கல்லறைக் கற்கள் வெட்டுகிறவரிடம் கொடுத்தேன். தமிழ் எழுத்தைப் பார்த்து அப்படியே வெட்டக்கூடிய சிங்களவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நமக் நெத்த, மாத்தயா?" என்றார். பெயர் ஒன்றும் இல்லையா என்று கேட்கிறார். இல்லை என்றேன். பெயரில்லாத கல் தான் வெட்டியதில்லை என்று சிரித்தார்.

கட்டட வேலையைப் பார்வையிட ஜப்பான் தூதரகத்திலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்தார். சுவரில் நாலு துளை போட்டு, கீழே கல் சாத்தி வைத்திருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒளிக்க நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னேன். குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தார். பிறகு, விழாவுக்கு வரும் தமது மேலதிகாரி முதலில் இந்தக் கல்லில் பூ வைக்க நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்று கேட்டார். ஒதுக்கினேன். மூன்றாவது நிகழ்ச்சி.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் அச்சகத்திலிருந்து நிகழ்ச்சி நிரல் வந்தது. மூன்றாவது நிகழ்ச்சி வரவேற்பு நடனம் என்றிருந்தது. மண்டபத்துக்கு ஓடினேன். சுவரில் இருந்த துளைகளை அடைத்துப் பூச்சும் பூசியாகிவிட்டது. காவலாளி ஒரு தாளைத் தந்தார். விதி பதினான்கின் கீழ், நன்கொடையாளருக்குச் சங்கடம் தரக்கூடிய ஒன்றைத் தலைவர் தமது தற்றுணிபின்படி, அதாவது தம் ஒருவருடைய முடிவில், நீக்கியுள்ளார் என்றிருந்தது. அந்த விதியை எழுதியவன் நான். கதிரைகள் தந்த ஒரு புடைவைக் கடைக்காரரின் பெயர்ப்பலகைக்கு எதிரே இன்னொரு புடைவைக் கடைக்காரர் தன் விளம்பரத் துணியைக் கட்டியபோது, அதைக் கழற்றுவதற்காக எழுதியது. நல்ல விதி. ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தேன்.

பின்னேரங்களில் தலைவர் கடற்கரை வீதியில் நடப்பார். அங்கேயே பிடித்தேன்.

"ஐசே, தூதரகம் பூ வைக்கிறன் எண்டு கேட்டிருக்கு. ஆருக்குச் சங்கடம்?"

"ஜப்பான்காரனுக்கு இல்லை."

"பிறகு?"

"நன்கொடையாளர் எண்டா ஜப்பான்காரன் மட்டுமே? மேடை தந்தவை, கதிரை தந்தவை, மின்விசிறி தந்தவை ஆர்? அரைவாசிப் பேர் மலேயாப் பென்சன்காரற்ற பிள்ளையள்."

"அதாலதானே கல்லு வைக்கிறம்."

பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் வந்தது. அது போய் முடியும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர் உண்மையாத் தெரியாமல்தான் கேக்கிறீரோ? இல்லாட்டி எனக்கு விளையாட்டுக் காட்டுறீரோ?"

"என்ன தெரியாமல்?"

"உம்மட அப்பா சயாமுக்குப் போகேல்லை ஐசே. என்ர அப்பாவும் போகேல்லை. தோட்டத்துக்கு இத்தினை ஆள் வேணும் எண்டு ஜப்பான்காரன் கேட்டான். ஆர் ஆர் எண்டு பேர் எழுதிக் குடுத்தது ஆர்? அவனுக்குத் தமிழ் தெரியுமே?"

நான் நடக்கத் தொடங்க, அவர் கூடவே வந்தார்.

"எழுதாட்டி எங்கட அப்பாமாரை ஏத்தியிருப்பான். அது எனக்கும் விளங்குது. நான் குறை சொல்லேல்லை. ஆனா நீர் கல்லை வைச்சால், அந்தக் கொட்டாஞ்சேனைக்காரர் இருக்கிறாரெல்லோ, அவற்ற பேரப்பிள்ளை ஒருநாள் வந்து நிண்டு, அனுப்பினது ஆர் எண்டு கேக்கும். ஜப்பான்காரன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இருக்க ஏலுமே?"

"அப்ப ஏன் வழிமொழிஞ்சனீர்?"

"நீர் முன்மொழிஞ்சால் நான் வழிமொழியிறதுதானே வழக்கம். எப்பிடியும் தூதரகம் வேண்டாம் எண்டு சொல்லும், எங்கட கை சுத்தமா இருக்கும் எண்டு நினைச்சன். அந்தப் பெட்டை பூவோட வந்து நிக்கும் எண்டு ஆர் கண்டது!" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு, "கோவிக்காதையும்" என்றார்.

வீட்டுக்கு நடக்கையில் என் கல்யாணம் ஞாபகம் வந்தது. அழைப்பவர்களின் பெயர்ப் பட்டியலை எழுத அப்பா மறுத்துவிட்டார். அவ்வளவு அழகான கையெழுத்துக்காரர், பெயர்களை வாயால் சொல்லிக்கொண்டு இருந்தார், எழுதியது மாமா. கடைச் சாமான் துண்டுகூட அம்மாதான் எழுதுவா. ஓய்வு பெற்ற கிராணிக்கு எழுத்து அலுத்துவிட்டது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"உனக்கும் தெரியுமே?"

"மாமி சொன்னவ. சாகிறதுக்கு முதல் வருசம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"நீங்கள் அந்தக் கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில கொழுவி வைச்சிருக்கிறியள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

அப்பா ஒரு பொய்யும் சொல்லவில்லை. சயாமுக்குப் போனேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினார். தலைவர், மனைவி, அம்மா, மேடை தந்தவர்கள் என்று எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத் தெரியாமல், அந்த வேலைக்கு முழுத் தகுதியோடு, நான் செயலாளராக இருந்திருக்கிறேன்.

விழாவுக்கு முதல் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உண்மையைச் சொல்வதற்குத்தான் போனேன். பஸ்ஸில் அதை மூன்று பத்திகளாக மனதில் எழுதி, இரண்டாவது பத்தியில் என் அப்பாவை வைத்திருந்தேன். கோயில் சந்துக்குள் ஒடுங்கிய மூன்று மாடி வீடு. அவர் மேல்மாடியில் இருந்தார். நாளைக்குப் போடும் சட்டை கதவில் தொங்கியது. என் முகத்தைப் பார்த்ததும் அவரே கேட்டுவிட்டார்.

"என்ன சார், ஜப்பான்காரங்க கல்லு வேணாம்னுட்டாங்களா?"

பூ வைக்கக் கேட்டு நின்ற பெண் ஒரு கணம் கண்ணுக்கு முன்னால் வந்தாள்.

"ஓம்" என்றேன்.

"பணம் குடுக்கிறவங்க. அவங்களைச் சொல்லி என்ன பண்றது. நம்ம ஆளுங்க நீங்க இவ்வளவு தூரம் பாடுபட்டீங்களே, அது போதும் சார்." மனைவியைத் தேத்தண்ணீர் போடச் சொன்னார். குடித்து முடியும்வரை வேறு கதை கதைத்தார். நான் எழும்பும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தக் கல்லு இப்ப சும்மாதானே சார் கெடக்கு? எங்களுக்குக் குடுத்தீங்கன்னா மாடிப்படி திரும்புற எடத்துல வச்சுக்குவோம். தாத்தா செத்த தேதியே தெரியாது. ஆடி அமாவாசைக்கு ஒரு வெளக்காச்சும் ஏத்தலாம்."

"ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. கமிட்டிக்கு வைக்கிறன்" என்றேன். நாக்கு பழகிய வழியில் போய்விட்டது.

விழா நன்றாக நடந்தது. தூதரகப் பெண் வெறும் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொழில்நுட்பக் காரணம் என்றேன். அவரும் உத்தியோகத்தர்தானே, தலையசைத்துக் குறித்துக்கொண்டார். கொண்டு வந்த பூங்கொத்தை மேடையில் தலைவருக்குக் கொடுத்தார்கள்.

கொட்டாஞ்சேனைக் கடிதம் அந்த வாரமே வந்தது. 'மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு' என்று குண்டு எழுத்தில் எழுதியிருந்தார். வரவு இலக்கம் போட்டுக் கோப்பில் வைத்தேன். அதன்பின் மூன்று கூட்டம் நடந்துவிட்டது. மூன்றுக்கும் நிகழ்ச்சி நிரல் தயாரித்தவன் நான்தான். ஆடி அமாவாசையும் போய்விட்டது. கல்லைத் தலைவர் முச்சக்கர வண்டியில் ஏற்றி என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். என் அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அது என் சொந்தக் காசில் வெட்டியது. அதைக் கொடுப்பதற்குக் கமிட்டியும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். அன்றைக்கு அவர் வீட்டிலேயே எனக்கு இது தெரியும்.

ஒரு முச்சக்கர வண்டி பிடித்தால் முக்கால் மணித்தியாலத்தில் கொட்டாஞ்சேனை. கொண்டுபோய் இறக்கினால் அவர் என் கையை மறுபடி இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொல்வார். அந்த நன்றிக்குப் பயந்துதான் நான் இன்னும் போகவில்லை.