தண்ணீருக்குள் ஒரு பிடி

முதலில் கையைத்தான் எடுப்பாள். காலை வணக்கமெல்லாம் அதற்குப் பிறகு. கட்டிலில் கிடப்பவரின் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, புறங்கைத் தோலை இலேசாகக் கிள்ளி விட்டுப் பார்ப்பாள். கிள்ளிய தோல் படுக்க நேரமெடுத்தால் ஆள் தண்ணீர் குடிக்கவில்லை. நகக்கண் நீலம் பாரித்திருந்தால் நேர்ஸைக் கூப்பிட வேண்டும். விரல்கள் உள்ளே மடங்கி இறுகிக் கிடந்தால் இரவு ஏதோ கெட்ட கனவு. "வாயைக் கேட்டா எல்லாம் 'ஃபைன், ஃபைன்' எண்டுதான் சொல்லும். கையைக் கேக்கோணும்" என்பாள் ரதி.

ரொறன்ரோவில், ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் அவள் பராமரிப்பாளர். வயது ஐம்பத்தெட்டு. ஒல்லி. நடையில் ஒரு விரட்டல். மத்தியானச் சோற்றை நின்றபடியே சாப்பிடுவாள். லிஃப்டுக்குக் காத்திருப்பதில்லை. சட்டைப் பையில் நகவெட்டி எப்போதும் கிடக்கும். கிழவர்களின் நகத்தை வளரவிட்டால் அவர்கள் தங்களைத் தாங்களே கீறிக்கொள்வார்கள் என்பது அவளுடைய பயம். எந்த நாட்டவரானாலும் ஆண்கள் "ராசா", பெண்கள் "அம்மா". தொண்ணூறு வயது இத்தாலியக் கிழவி ஒருத்தி "எழும்புங்கோ" என்றால் எழுந்து உட்காரப் பழகிவிட்டாள்.

அந்த எழுப்புதலில்தான் ரதியின் கைப்பழக்கம் தெரியும். படுத்திருப்பவர்களுக்கு எழும்பிவிட ஒரே அவசரம். சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றி விழுவார்கள், இடுப்பு முறியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடிப்பாள். இழுக்கவும் மாட்டாள், அமுக்கவும் மாட்டாள். ஆள் கொஞ்சம் எழும்ப, கொஞ்சம் விடுவாள். அவசரப்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துவாள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பிடி பிடிபட மாதக் கணக்காகும்.

இந்த மாரிக் குளிரில் அவளிடம் இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. புதிதாகப் பெண்கள் யாராவது வந்து சேர்ந்தால், கையைப் பார்த்து முடித்த பிறகு, அவர்களின் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டைச் சுற்றி வைக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கிறாள். கூட வேலை செய்யும் நடாஷா, இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை, ஒரு நாள் கேட்டாள்.

"ரதி அன்ரி, வாட் ஆர் யூ டூயிங்? பிரஷரா பாக்கிறீங்க?"

"இல்லை பிள்ளை. ஒரு ஆளைத் தேடுறன்."

நடாஷா சிரித்தாள். ரதி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

கதை மார்கழியில் தொடங்கியது. ரதியின் தம்பி வினோதன் மார்க்கம் என்ற பக்கத்து நகரில் இருக்கிறான். கம்பியூட்டர் வேலை, பெரிய வீடு. ஆழ்கடலில் மூழ்கிப் படமெடுப்பது அவனுக்குப் பைத்தியம். தாய் செத்தபின் அவனை வளர்த்து, கனடாவுக்குக் கூப்பிட்டு, படிக்க வைத்தது ரதி. தனக்கென்று ஒரு கலியாணத்தை அவள் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இருக்கவில்லை. "ஒரு நாளாவது ஹொலிடே எண்டு போனனீங்களோ அக்கா? இந்தமுறை என்னோட வாறியள்" என்று அவன் பிடித்த பிடியில், கரிபியன் தீவொன்றுக்குப் போகச் சம்மதித்தாள். அதற்காக இலையுதிர் காலம் முழுக்க எட்டோபிக்கோவில் ஒரு நீச்சல் குளத்தில் சிலிண்டரை முதுகில் சுமந்து மூழ்கப் பழகினாள். சொல்லிக்கொடுத்தவனுக்கு ஆச்சரியம். அவளுடைய மூச்சு அவ்வளவு நிதானம். ஆளைத் தூக்கி இறக்கும் வேலை செய்கிறவர்கள் மூச்சை வீணாக்குவதில்லை.

தீவில் படகு நிறையக் கலவையான கூட்டம். பாதிப்பேர் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், பாதிப்பேர் ரதியைப் போலப் புதியவர்கள். புதியவர் ஒவ்வொருவருக்கும் பழகியவர் ஒருவர் சோடி; ரதிக்கு வினோதன். எட்டித் தொடும் தூரத்தை விட்டு விலகக்கூடாது. விலகியவருக்கு அதற்குப் பிறகு கடல் கிடையாது. வழிகாட்டி இதைத் தினமும் சொன்னான்.

முதல் நாட்கள் நன்றாகவே போயின. படகில் சத்தி எடுத்தவர்களின் நெற்றியை ரதி தாங்கிப் பிடித்தாள். தண்ணீருக்குள் போனால் மீன்கள் அவளுடைய முழங்கையைக் கொத்திப் பார்த்தன. "என்னக்கா, பிடிச்சிருக்கோ?" என்று வினோதன் கேட்டதற்கு, "ஓம். கட்டில்ல இருந்து ஒருத்தரும் பெல் அடிக்கேல்ல" என்றாள்.

பிறகுதான் அந்த நாள். பவளப் பாறை முடிந்து மணல் தொடங்கும் இடம். புதியவர்கள் இரண்டு பேர் நிலை தடுமாறிக் காலை உதைத்தார்கள். அடிமணல் கிளம்பியது. சாம்பல் கரைத்த மாதிரி ஆனது தண்ணீர். ரதி பக்கத்தில் கையை நீட்டினாள். வினோதன் இல்லை. இன்னும் நீட்டினாள். ஒன்றுமே இல்லை. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. அவளுடைய நிதானமான மூச்சு முதல் தடவையாகப் பிசகியது. மூச்சை அடக்கிக்கொண்டு, எங்கே வெளிச்சம் போல் இருந்ததோ அங்கே உதைத்து எழும்பினாள். அப்படி எழும்பினால் நெஞ்சுக்குள் காற்று விரிந்து வெடிக்கும் என்று அவளுக்குப் படிப்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில் படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

யாரோ அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

இழுக்கவில்லை, அமுக்கவில்லை. அவள் அவசரப்பட்ட இடத்தில் நிறுத்தியது அந்தக் கை. அவள் மூச்சை விட்டதும் கொஞ்சம் தளர்ந்தது. இன்னொரு மூச்சு, இன்னும் கொஞ்சம். கட்டிலில் இருந்து ஒரு கிழவியை எழுப்புவது போல அவளை எழுப்பிக்கொண்டு வந்தது. பயத்துக்குள்ளேயும் ரதியின் தொழில் விழித்துக்கொண்டது. வெறுங்கை. பெண் கை. எழுபது தாண்டியது. மோதிரவிரல் மூட்டு வீங்கியிருக்கிறது. நகம் வெட்டி எத்தனையோ காலம். தண்ணீரை விடக் குளிர்.

கலங்கல் முடிந்து வெளிச்சம் வந்த இடத்தில் அந்தக் கை விட்டது. ரதி குனிந்து பார்த்தாள். கீழே சாம்பல் நிறம் மட்டும். அங்கிருந்து ஒரு குமிழி கூட மேலே வரவில்லை. மூச்சு விடுகிற எவருக்கும் அங்கே குமிழி வரும்.

படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உப்புத் தண்ணீரை அவள் கக்கிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் இருந்து கமெராவோடு நீந்தி வந்தான் வினோதன். வழிகாட்டி எல்லோர் முகத்தையும் பார்த்தான். இந்த அம்மாவை மேலே கொண்டுவந்தது யார் என்று கேட்டான். வினோதன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"நான்தான்" என்றான்.

ரதி வாயைத் திறக்கவில்லை. தம்பியை மற்றவர்கள் முன் விட்டுக்கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. துவாயால் துடைக்கும்போது மணிக்கட்டைப் பார்த்தாள். நகம் பதிந்த நான்கு பிறைகள். அடிப்பக்கம் பெருவிரலுக்கு ஒன்று. ரொறன்ரோ வந்து சேர்ந்த பிறகும் அவை மறையக் கொஞ்ச நாள் எடுத்தது. படகில் இருந்த பெண்கள் எல்லோரும் இளம் பிள்ளைகள். அன்று அந்தப் பக்கம் வேறு படகும் இல்லை.

அன்றைக்குச் சொன்ன "நான்தான்" அதன்பிறகு நிற்கவில்லை. மார்க்கம் வீட்டில் யார் வந்தாலும் வினோதன் அந்தக் கதையைச் சொன்னான். ஒவ்வொரு முறையும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கலங்கியது, அக்கா இன்னும் கொஞ்சம் பதறினாள். ரதி ஒவ்வொரு முறையும் அமைதியாக, "அது தம்பி இல்லை" என்றாள். அவன் பெண்சாதி நிரூபாவின் மனதை இது அரிக்கத் தொடங்கியது. நிரூபா நல்லவள், மருந்துக்கடையில் வேலை, அதனால் நோய் வருத்தங்களின் பெயர் எல்லாம் தெரியும். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் விஷயத்தை எடுத்தாள்.

"மச்சாள், கோவிக்கக்கூடாது. மெமரி கிளினிக்கில ஒரு அப்பொயின்ட்மென்ட் எடுத்திருக்கிறன். சும்மா ஒரு செக்அப்தான்."

"எனக்கென்ன மறந்து போச்சு?"

"சொந்தத் தம்பி உங்கட கையைப் பிடிச்சுக் கொண்டுவந்தது மறந்து போச்சே."

நிரூபாவின் தகப்பன் விநாயகமூர்த்தி அப்பளத்தை நொறுக்கினார். "விடு பிள்ளை. மேல ஒருத்தரும் சரிவரேல்லை எண்டு, கடலுக்கு அடியில ஆரோ மாப்பிளை வந்து கையைப் பிடிச்சிருக்கிறான். ரதி அதை மறைக்கிறா."

"மாப்பிளை இல்லை அண்ணை, மாமியார். நகம் அவ்வளவு நீளம்" என்றாள் ரதி.

மேசை சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். சும்மா ஒரு செக்அப் என்று தொடங்கி ஹோமுக்குக் கூட்டிவரப்பட்ட எத்தனையோ பெண்களின் பெட்டிகளை அவளே அலுமாரியில் அடுக்கியிருக்கிறாள். ஒரு உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், 'சொன்னதையே சொல்லுறா' என்று கிளினிக்கில் எழுதுவார்கள். பிறகு ஆளைத் தூக்க விடமாட்டார்கள். பிறகு காரோட்ட விடமாட்டார்கள். பிறகு யாரோ ஒருத்தி காலையில் வந்து அவளுடைய புறங்கையைக் கிள்ளிப் பார்ப்பாள். இதெல்லாவற்றையும் நிறுத்த ஒரு வழி இருந்தது. "ஓம், தம்பிதான்" என்றால் போதும்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். இடது சட்டைக்கையை மடித்தாள்.

"தம்பி, இஞ்ச வா. நீ அண்டைக்குப் பிடிச்ச மாதிரிப் பிடி."

"விடுங்கோவன் அக்கா. சாப்பிடேக்க..."

"பிடி."

வினோதன் எழுந்து வந்து பிடித்தான்.

"உது செல்லம் பொழியிற பிடி. நல்லா அமத்து. நகம் பதியோணும்."

அவன் அழுத்தினான். விரல்நுனி வெளுக்கும்வரை அழுத்தினான். கையை எடுத்தபோது அவள் தோலில் சிவந்த தடம் மட்டும் இருந்தது. பிறை ஒன்றும் இல்லை. வினோதன் சின்ன வயதில் இருந்தே நகம் கடிக்கிறவன். ஐம்பது வயதிலும் சதையோடு கடித்து வைத்திருக்கிறான். அந்த மேசையில் எல்லோருக்கும் அது தெரியும். தீவிலிருந்து வந்த அன்று அந்தப் பிறைகளுக்கு மருந்து பூசிவிட்டதே நிரூபாதான்.

நிரூபா புருஷனின் விரல்களைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஆமைக்குப் பின்னால போயிட்டன்" என்றான் வினோதன். "பெரிய ஆமை. திரும்பிப் பாக்கேக்க ஒண்டும் தெரியேல்ல, ஒரே மண். அக்காவின்ர கதை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சனான். மேல வந்தா கயித்தில நிக்கிறா. வழிகாட்டி கேக்க வாயில அதுதான் வந்தது."

நிலவறையில் ஃபேர்னஸ் உறுமத் தொடங்கி, சூடான காற்று அவர்கள் கால்களைத் தொட்டது. விநாயகமூர்த்தி கையில் இருந்த அப்பளத் துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அப்ப ஆர் மச்சாளைக் கொண்டுவந்தது?" என்றாள் நிரூபா.

"அதைத்தானே நானும் பாத்துக்கொண்டு திரியிறன்" என்றாள் ரதி. "உந்த கிளினிக்காரருக்கு போன் பண்ணி வரேல்லை எண்டு சொல்லு." தட்டை இழுத்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். தேத்தண்ணியும் குடித்தாள். தம்பியை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் புறப்பட்டபோது வெளியில் பின்னேர வெயில் மங்கிக்கொண்டிருந்தது. பகலில் உருகிய பனி மறுபடி இறுகி, படலையில்லாத அந்த முற்றத்துப் பாதை முழுக்கக் கண்ணாடி. அவளுடைய கார் தெரு ஓரத்தில் நின்றது. வினோதன் கோட்டைக்கூட மாட்டாமல், செருப்போடு ஓடிவந்தான்.

"வழுக்கும் அக்கா. என்ர கையைப் பிடியுங்கோ."

நீட்டிய கையை ரதி பார்த்தாள். "உள்ள போ தம்பி, குளிருது" என்றாள். பிறகு தன் இடது கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். அந்த வெறுங்கையைப் பக்கவாட்டில், மணிக்கட்டு வெளியே தெரியும்படி கொஞ்சம் நீட்டிக்கொண்டு, பனிக்கட்டிமேல் அவசரப்படாமல் அடி எடுத்து வைத்தாள்.