ஊர் சுற்றியவனின் சிறுநீரகம்

நானும் என் அக்காவும் இரட்டைப் பிள்ளைகள். அவள் என்னைவிடக் கால் மணி நேரம் முந்திப் பிறந்தாள். அந்தக் கால் மணி நேரத்துக்காக ஐம்பது வருஷத்துக்கு மேலாக தன்னை ‘அக்கா’ என்று கூப்பிட வைத்திருக்கிறாள்.

அவள் ஸ்ரீரங்கத்தை விட்டு நகர்ந்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். நான் தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனிக்காகப் பெரம்பலூர், மணப்பாறை, புதுக்கோட்டை என்று பஸ்ஸிலேயே தலைமயிரை உதிர்த்தவன். இரட்டையரில் ஒருவர் அசுர வேகத்தில் பயணம் போய்த் திரும்பினால், வீட்டோடு இருந்தவரைவிட அவருக்கு வயது கம்மியாக இருக்கும் என்கிறது இயற்பியலின் சார்பியல் கொள்கை. எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு வேளைக் கிண்டல்.

“ஊர் சுத்தறவன் நீதான்டா. எனக்கு முன்னாடி நீ நரைச்சா இயற்பியலுக்கே அவமானம்.”

“பஸ் வேகம் பத்தலையோ என்னமோக்கா.”

அவள் கணக்குப் போட்டே சொல்லிவிட்டாள். கண்ணிமைக்கும் நேரத்தைப் பல லட்சம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு: அவ்வளவுதான் நான் பஸ்ஸில் சம்பாதித்த இளமை. அதுவும் டிரைவர் நடுவில் டீ குடிக்காமல் ஓட்டியிருந்தால்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய சிறுநீரகங்கள் ரெண்டும் நின்றுபோயின. வாரத்துக்கு மூன்று முறை காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்கு டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காகக் கையில் ஆபரேஷன் செய்து வைத்த ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. இன்னொரு கையில் இருப்பதும் சோர்ந்து வருகிறது. “ரொம்ப நாள் தாங்காது, மாற்று சிறுநீரகம்தான் வழி” என்றார் டாக்டர். அரசாங்கத்தில் பதிந்து காத்திருப்போர் வரிசை காந்தி மார்க்கெட் வாசல் நெரிசலைவிட மோசம். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இல்லை. மிச்சம் இருந்தது நான்.

ரத்த வகை பொருந்தியது. நான் பிறந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒரே ஒரு உறுத்தல். போன வருஷம் துவாக்குடியில் ஏதோ இலவச முகாமில் விரலைக் குத்திப் பார்த்தவர், “சுகர் இருக்கும் போலிருக்கே சார், டாக்டரைப் பாருங்க” என்றிருந்தார். நான் டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பக்கத்து டீக்கடையைப் பார்த்தேன். இப்போது பரிசோதனைத் தேதி தெரிந்ததும் போர்க்கால நடவடிக்கையில் இறங்கினேன். ஒரு வாரம் முழுக்கப் பாகற்காய் ஜூஸ். விடிந்ததும் கோயிலைச் சுற்றிய உத்திர வீதி நாலிலும் நடை. பரோட்டா துறவு. போதாததற்குத் தலைக்கு டை. சிறுநீரகத்தை முடி நிறத்தை வைத்து எடுப்பார்கள் என்று எண்ணிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வந்தது. உள்ளுக்குள் துள்ளினேன்.

டாக்டர், என்னைவிட ரொம்பச் சின்னவர், இன்னொரு தாளை எடுத்தார். “இது மூணு மாச சுகர் சார். ஒரு வாரம் பட்டினி கிடந்தா இது மாறாது. ரொம்ப அதிகமா இருக்கு. சிறுநீர்ல புரோட்டீனும் போகுது. உங்க கிட்னியே கொஞ்சம் அடிவாங்கியிருக்கு.”

“பரவாயில்லை டாக்டர், அடிவாங்கினதையே கொடுக்கறேன். ஒண்ணு எனக்குப் போதும்.”

“எடுக்க முடியாது சார். அவங்களுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.”

“மருந்து சாப்பிட்டு மூணு மாசம் கழிச்சு வந்தா?”

அவர் தலையாட்டிய விதத்தில் இல்லை என்பது இருந்தது. நான் மறுபடி கேட்டேன். ஆறு மாசம்? என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால்? கெஞ்சுவதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். விற்காத மோட்டாரை எத்தனையோ பேர் தலையில் கட்டியிருக்கிறேன். என் உடம்பில் ஒன்றைச் சும்மா கொடுக்கிறேன் என்றபோது வாங்க ஆளில்லை.

கீழே டயாலிசிஸ் அறைக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அவள் ரத்தம் குழாய் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே, “சுகரா?” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பஸ் ஸ்டாண்டுல நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடிக்கறவனை எனக்குத் தெரியாதா? பாகற்காய் வாசனை வேற வீடு பூரா.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா.”

“நீ அவ்வளவு ஆசையா நடந்துக்கிட்டிருந்தே. எனக்கும் கொஞ்சம் ஆசைதான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். கிண்டல் செய்தால் தாங்குவேன், அதற்குத்தான் பழக்கம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். எந்தக் கடிகாரமும் தான் போன பாதைக்கு உண்மையாகவே ஓடும், ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும் என்று அவள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். எங்கள் ரெண்டு உடம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாகிவிட்டது.

நர்ஸ் ஊசிகளை உருவிவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ரத்தம் நிற்கும்வரை கூட வந்தவர்தான் பிடிக்க வேண்டும். என் கட்டைவிரலுக்கடியில் அவள் ரத்தக்குழாய் ‘விர்’ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது, போன மாதத்தைவிட மெதுவாக. அதிகம் அழுத்தினால் அடைத்துக்கொள்ளும். விட்டால் ரத்தம் பீறிடும்.

“மாத்திரை எழுதிக் கொடுத்தாரா?” என்றாள்.

“கொடுத்தார்.”

“இன்னிக்கே ஆரம்பி. நீயும் இந்தக் கட்டில்ல வந்து படுத்தா, யாருடா பஞ்சு பிடிக்கறது?”

விரலுக்கடியில் அந்த அதிர்வு இருக்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். இருந்தது.