துறைமுகமே சேர்ந்து செய்த வைத்தியம்

நடந்தவை வரிசையாக இவை:

1. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் பதினெட்டு வருடங்களாக ஏலம் கூறிவந்த, எல்லோருக்கும் அண்ணன் முறையான ஹனீபா காக்காவுக்குக் குரல் கம்மியது.
2. இரண்டு மாதமாகியும் தெளியாததால் அவர் வைத்தியசாலைக்கு வந்தார். காது, மூக்கு, தொண்டை டொக்டர் கமரா விட்டுப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை. குரல் நாண்கள் சற்று வீங்கியிருந்தன, குரல்வளையின் பின்பக்கம் சிவந்திருந்தது.
3. இரைப்பை அமிலம் தொண்டைவரை ஏறுவது காரணமாக இருக்கலாம், கத்துவதும் சேர்ந்திருக்கலாம் என்று எழுதி, குளிசையும் கொடுத்து, பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு, அதாவது என்னிடம், அனுப்பினார்.
4. நான் ஒரு பட்டியல் கொடுத்தேன்.
5. நான்கு கிழமை கழித்து அவருடைய குரல் முன்னையதை விட மோசமாக இருந்தது.

அப்போது நான் வேலையில் சேர்ந்து ஏழு மாதம். ஐந்தாவதற்குக் காரணம் தெரிய எனக்கு ஒரு பஸ் பயணம் தேவைப்பட்டது.

பட்டியல்

முதல் நாள் அவர் பேசியது, ஈரச் சாக்கைச் சீமெந்துத் தரையில் இழுப்பதுபோல் இருந்தது.

"எனக்குக் கேஸ்ரைட்டிஸ் இல்ல மிஸ். நெஞ்செரிவும் இல்ல. கல்லத் திண்டாலும் செமிக்கும்."

நெஞ்செரிவு இல்லாமலும் அமிலம் மேலே வரலாம் என்று விளக்கினேன். காலையில் குரல் அதிகம் கம்முகிறதா, தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் இருக்கிறதா, அடிக்கடி செருமுகிறீர்களா என்று கேட்டேன். மூன்றுக்கும் "ஓம்" என்றார். மூன்றாவது ஓமைச் செருமிக்கொண்டே சொன்னார்.

அவருடைய கவலை வேறு. "அரைமணித்தியாலம் கூறுறன், மறுகா சத்தம் வருகுதில்ல. ஐஸ் லொறிக்காரன்ட மருமகன்தான் மிச்சத்தக் கூறுறான். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்ப்பம் எண்டு போட் முதலாளிமார் சொல்லியிரிக்காங்க. அதுக்குள்ள சரிவராட்டி அவனுக்குத்தான் வேலை."

பெருநாளுக்குப் பத்துக் கிழமை இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணித்தியாலம் படுக்கக்கூடாது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். கொச்சிக்காய் உறைப்பு, புளி, பொரியல், தேத்தண்ணி குறைக்க வேண்டும். தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும். செருமக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது. சாப்பிடுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். இவைதான் பட்டியல்.

நான்கு கிழமை கழித்துக் கொப்பியுடன் வந்தார். எழுத்து அச்சுப்போல் இருந்தது. பிட்டும் வாழைப்பழமும், சோறும் சொதியும், அவித்த மீன். பொரியல் ஒரு நாள்கூட இல்லை.

"தலைமாட்ட உயர்த்தினீங்களா காக்கா?"

"ரெண்டு பக்கமும் மும்மூண்டு கல்லு வச்சன் மிஸ். விடிய எழும்பக்குள்ள நானும் பொஞ்சாதியும் கால்மாட்டுல கிடந்தம். இப்ப ஒவ்வொரு கல்லுதான்."

"வேற ஒண்டும் சாப்பிடல்லையா?"

"வல்லாஹி, இல்ல மிஸ்."

அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. குரலோ இன்னும் கெட்டிருந்தது. குரலைப் பாவிக்கும் இடத்தில் வைத்தே பார்ப்பது என்று முடிவு செய்து, பொறுப்பான டொக்டரிடம் அனுமதி பெற்று, நான் குடியிருந்த அமிர்தகழியில் இருந்து முதல் பஸ்ஸில் துறைமுகத்துக்குப் புறப்பட்டேன்.

கொப்பியில் இல்லாதவை

ஏலம் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் ஹனீபா காக்காவின் தொண்டைக்குள் போனவற்றை எழுதிக்கொண்டேன். தேத்தண்ணிக் கடை சலீம் கொண்டுவந்த, இஞ்சி தட்டித் தேசிக்காய் பிழிந்த பிளேன்ரீ, இரண்டு தரம். வாகரைப் பக்கத்துப் படகுச் சொந்தக்காரர் கந்தசாமி நீட்டிய பெப்பர்மின்ட் இனிப்பு, நான்கு. கருவாடு விற்கும் பூரணம் அக்காவின் பிளாஸ்கில் இருந்து மிளகும் புளியும் தூக்கலாகப் போட்ட புளியாணம், ஒரு கோப்பை நிறைய. எல்லாவற்றையும் மறுக்காமல் குடித்தார், சப்பினார், பிறகு ஏலம் கூறினார்.

"காக்கா, இதெல்லாம் ஏன் கொப்பியில இல்ல?"

"அது சாப்பாடு இல்லையே மிஸ். மருந்து."

"புளியும் தேத்தண்ணியும் குறைக்கச் சொன்னனே."

"ஊட்டுல குறைச்சிட்டன்தானே. இது இவங்க எனக்காகக் கொண்டு வாற. வேணாமெண்டா முகம் சுருங்கிரும்."

பூரணம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆருகா இந்தப் புள்ள?"

"தொண்டைக்குப் பார்க்கிற மிஸ்."

"அப்ப மிஸ்ஸும் ஒள்ளுப்பம் குடிக்கட்டும்."

குடித்தேன். மிக நன்றாக இருந்தது. அதை நிறுத்தச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

குரல் மோசமாக மோசமாக மருந்து கூடியிருக்கிறது. அந்த மருந்தே தொண்டையை எரித்துக்கொண்டும் இருந்திருக்கலாம். பையில் இன்னொரு தடைப் பட்டியல் எழுதத் தாள் இருந்தது. எடுக்கவில்லை. இவர்களுக்கு அவருக்காக எதையாவது செய்தாக வேண்டும். ஆகவே செய்ய வேறு வேலை கொடுப்பதே சரி என்று தோன்றியது. அவர் கத்துவது நூறு பேரின் சத்தத்துக்கும் இஞ்சின் இரைச்சலுக்கும் மேலாக. அங்கே உதவலாம்.

சலீம் ஏல நேரத்தில் கடை வானொலியை நிறுத்த ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு மீன் குவியலையும் கூறுவதற்கு முன்னால் மீன்பெட்டி மூடியைத் தட்டிச் சத்தத்தை அடக்குவது கந்தசாமியின் பொறுப்பு. பூரணம் அக்காவின் பிளாஸ்கில் வெறும் தண்ணீர்.

"வெறுந்தண்ணியா?" என்றார் அக்கா. "ஒரு மனிசனுக்கு வெறுந்தண்ணியையா குடுக்கிற?"

"கொதிக்கவச்சு ஆத்திக் குடுங்க."

"மிளகு?"

"இல்ல."

"ஒரே ஒரு மிளகு?"

"இல்ல அக்கா."

அவர் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார்.

அடுத்த நாளே கந்தசாமி மூடியைத் தட்டினாராம். "என்னண்ணே, கோயில் பூசையா?" என்று யாரோ கேட்க, "வாய மூடு. காக்காட தொண்டைக்கு லீவு" என்றாராம். ஹனீபா காக்கா இதைக் கிளினிக்கில் எனக்கு நடித்துக் காட்டினார். நடிப்பில் அவர் கத்தவில்லை. அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டேன்.

மூச்சை வயிற்றில் இருந்து எடுத்துப் பேசவும் விலையை விரலால் காட்டவும் கிழமைக்கு ஒரு நாள் பழகினோம். பெருநாளுக்கு ஒரு கிழமை முன்னால் கடைசிக் குவியல்வரை அவரே கூறினார். லொறிக்காரரின் மருமகன் பக்கத்தில் நின்று, "அல்ஹம்துலில்லாஹ், எனக்கு இந்தக் கத்தல் சரிவராது காக்கா" என்று சொல்லிவிட்டு ஐஸ் இறக்கப் போனாராம்.

எது குணப்படுத்தியது என்று என்னால் சொல்ல முடியாது. உணவு, குளிசை, சத்தம், மூச்சு எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒன்றாக மாற்றினோம். அமிலத்துக்கும் குரலுக்கும் உள்ள தொடர்பு எத்தனை பேரில் எவ்வளவு என்பதில் வைத்தியர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. நான் கற்றது சிறியது. என் விசாரணைப் படிவத்தில் இப்போது ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறது: குரலுக்கென்று யார் யார் உங்களுக்கு என்ன தருகிறார்கள்?

இன்றைய நிலை இது. டொக்டர் குளிசையை நிறுத்திவிட்டார். கடைசியாகக் கமராவில் பார்த்தபோது சிவப்பு குறைந்திருந்தது. ஹனீபா காக்கா மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருகிறார். ஏலத்தை முழுவதும் அவரே கூறுகிறார்.