சகலை கொடுத்த கேப்பு

என் மனைவியின் அக்கா புருஷனை, அதாவது என் சகலையை, எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். குழலின் வாய்ப்பக்கமாக வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய துப்பாக்கி என்றால் அவரிடம்தான் எல்லாரும் ஓடுவார்கள். எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால்கூட, "அத்தானைக் கேளுங்களேன்" என்பாள் என் மனைவி. அப்போ நான் எதற்கு இருக்கிறேனாம்?

நாங்கள் இருவரும் இருக்கிற துப்பாக்கி கிளப்பில் வருடாவருடம் பழைய துப்பாக்கிப் போட்டி. கோப்பை அவருக்குத்தான். அதைக் கொண்டுபோய் மாமனார் வீட்டு அலமாரியில் வைப்பார், நல்ல பெயர் வாங்கத் தெரிந்த மனுஷன். அந்த அலமாரியில் ஒரே ஒரு தடவை என் கோப்பை உட்கார வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

போட்டிக்கு முன்னால் அவரே கூப்பிட்டார். "சகலை, கடைக்கு வாங்க. உங்க துப்பாக்கில போட்டுப் பாத்து கேப்பு எடுத்துக்கலாம்."

கேப்பு என்பது சின்னச் செம்புத் தொப்பி. துப்பாக்கியின் பின்பக்கம் நிப்பிள் என்று ஒரு குட்டிக் குழல் இருக்கும். அதன் தலையில் மாட்ட வேண்டும். விசையை இழுத்ததும் துப்பாக்கியின் சுத்தியல் அதை அடித்தால் பொறி பறந்து உள்ளே மருந்து பற்றும்.

அவர் தயவு எனக்கெதற்கு? வேறு கடையில், வேறு கம்பெனி டப்பா வாங்கினேன். அவர் போடுவதும் பதினொன்றாம் நம்பர், இதுவும் பதினொன்றாம் நம்பர். நான் லேத் பட்டறைக்காரன். எங்களுக்கு நம்பர் என்றால் நம்பர். மாட்டிப் பார்க்கக்கூட இல்லை.

மைதானத்தில் குறி வைத்து விசையை இழுத்தேன். 'டக்' என்றது, வெடிக்கவில்லை. கேப்பு இறுக்கம். முதல் அடி அதை நிப்பிளில் உட்கார வைத்தது. சுத்தியலைத் திரும்ப இழுத்து அடித்த பிறகுதான் வெடித்தது. அதற்குள் கை ஆடி, குண்டு எங்கோ போய்விட்டது. மனைவி, மாமனார், கிளப் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற சகலை என் டப்பாவை எட்டிப் பார்த்தார். "இந்தக் கம்பெனி பதினொண்ணு கொஞ்சம் சின்னது. இந்தாங்க, என்னோடத வச்சுக்குங்க. அத இங்க குடுங்க."

"உங்களுக்கு?"

"என் துப்பாக்கில எது போட்டாலும் ஏறும்."

பச்சைப் பொய். இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே மாதிரி நிப்பிள் போட்டதே அவர்தான். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். அவர் கேப்பு என் துப்பாக்கியில் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் சுடச் சுட, பக்கத்தில் 'டக்', அப்புறம் 'டமார்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்துவேனா நான்?

கோப்பை எனக்கு வந்தது. மனைவி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அத்தானுக்கு என்னங்க ஆச்சு? இப்படிச் சுட மாட்டாரே!"

"வயசாயிடுச்சு" என்றேன், அவர் காதுபட.

சகலை துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஆமாம்மா, கண்ணு முன்ன மாதிரி இல்ல."

பாவி மனுஷன், அதிலும் என்னை ஜெயிக்க விடவில்லை.